முன்பணம் கட்டிய கிட்டார் வரும் வரை

சிறிய பட்டறைகளில் எலெக்ட்ரிக் கிட்டார்கள் ஓரிருவரின் கைவேலையாகவே உருவாகின்றன, நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு இறுகுவதற்கே பல வாரங்கள் பிடிக்கும் என்பதால், "எப்போது வரும்?" என்று கேட்பதைவிட, "கழுத்து பொருத்தியாயிற்றா, பூச்சு முடிந்ததா?" என்று மின்னஞ்சலில் கேட்பது நல்லது. சாக்குப்போக்கு எது, உண்மையான தாமதம் எது என்பது பதிலிலேயே தெரிந்துவிடும். முன்பணத்தைத் திரும்பப் பெறும் நிபந்தனையையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பட்டறையானால் சுங்க வரிக்கும் பணம் ஒதுக்கி வைக்க வேண்டும்.

வந்து சேர்ந்ததும் பெட்டியை உடனே திறக்க வேண்டாம் (ஆசையை அடக்குவது கடினம்தான்). குளிர்நாட்டிலிருந்து வந்த மரம் சென்னையின் ஐப்பசி ஈரத்துக்குப் பழக ஒரு நாளாவது மூடியபடியே வைத்திருந்து, பிறகு தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிதான் ஃப்ரெட்) கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃப்ரெட்டின் மேலுள்ள இடைவெளியைப் பாருங்கள். அது விசிட்டிங் கார்டின் தடிமனைவிட வெகுவாகக் கூடியிருந்தால், கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பியான டிரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் முறுக்கிப் பார்க்கலாம்.