மலையகக் குளிரில் கூட்டெரு போடுவது இப்படித்தான்

கூட்டெரு, அதாவது குப்பையை உக்க வைத்து எடுக்கும் பசளை பற்றித் தேடினால் முதலில் வரும் அறிவுரை, 'காய விடாதீர்கள், தினமும் தண்ணீர் தெளியுங்கள்'. யாழ்ப்பாணத்துக்கு அது சரி. நுவரெலியாவிலோ ஹட்டனிலோ அதைக் கேட்டால் உங்களுக்குக் கிடைப்பது நாறும் கஞ்சி. நான் முதல் தடவை வைத்த பீப்பாயில் அதுதான் நடந்தது, கவிழ்த்துக் கொட்டிய நாளில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் (லயத்து அறைகளில் இருப்பவர்கள்) எல்லோரும் கதவை அடைத்துக்கொண்டார்கள்.

நமக்குத் தண்ணீர் அல்ல, காய்ந்த பொருள்தான் தட்டுப்பாடு. குசினிக் குப்பை ஒரு வாளி என்றால் காய்ந்தது இரண்டு வாளி வேண்டும்: சருகு, மரக்காலைத் தூள், கிழித்த காட்போட் மட்டை. அடைமழையில் சருகுக்கு எங்கே போவது? மலையகத்தின் மேற்குப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை கொஞ்சம் வெயில் அடிக்கும், அப்போதே உரப்பைகளில் அள்ளிக் கட்டி இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) அடுக்கி விடுங்கள். யூக்கலிப்டஸ் இலை மட்டும் வேண்டாம், அதில் இருக்கும் எண்ணெய்யால் லேசில் உக்காது.

இடம் பார்க்கும்போது தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே வைக்காதீர்கள், வடியும் நீர் அங்கேதான் போய்ச் சேரும். குப்பையைப் பள்ளத்தில் தள்ளுவது அதைவிட மோசம், தண்ணீர் ஓடும் கான் அடைபட்டு மழைத்தண்ணீர் மண்மேட்டுக்குள் இறங்கும். அடியில் மூங்கில் குச்சிகளைப் பரப்பி, மேலே பழைய தகரத்தைச் சரிவாகப் போட்டால் போதும்.

அடுத்தது சூடு. சின்னக் குவியல் நம் குளிரில் சூடேறவே ஏறாது, நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீற்றராவது இருக்க வேண்டும். ஒரு வீட்டுக் குப்பையில் அவ்வளவு சேராது என்பதால் லயத்தில் நாலு வீடு சேர்ந்து செய்யுங்கள். (யார் கிளறுவது என்ற சண்டை வரும், முறை வைத்துக்கொள்ளுங்கள்.) ஓர் இரும்புக் கம்பியை நடுவில் குத்தி ஐந்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காத சூடு என்றால் நன்றாக வேலை நடக்கிறது. வெதுவெதுப்புத்தான் என்றால் சாணம், தேயிலைச் சக்கை, ரோட்டோரத்துக் காட்டுச் சூரியகாந்தி இலை எதையாவது சேருங்கள்.

ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால் சரி, ஒழுகினால் மரத்தூள் போட்டு மண் கிளறும் இரும்பு முள்ளால் கிளறுங்கள். எப்படியும் பத்து நாளைக்கு ஒரு தடவை கிளறத்தான் வேண்டும்.

மீன் தலை, எலும்பு வேண்டாம், நாயும் காட்டுப் பன்றியும் ராத்திரியே வந்து நிற்கும். நோய் பிடித்த உருளைக்கிழங்குச் செடியையும் தவிருங்கள், சூடு போதாவிட்டால் அந்த நோய் பசளையோடு பாத்திக்கே திரும்பி வரும்.

கீழ்நாட்டில் இரண்டு மூன்று மாதத்தில் உக்குவது இங்கே நாலைந்து மாதம் எடுக்கும். கறுத்து, மழை பெய்த மண்போல் மணந்தால் அரித்தெடுத்து லீக்ஸ் பாத்திக்குப் போடலாம். அரிப்பில் தங்கும் கட்டிகளை வீசாமல் அடுத்த குவியலில் கலந்துவிடுங்கள், உக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அதில் இருக்கும், புதுக் குவியல் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.