சேலத்தில் ஒருவரின் தொழிலையும் வாழ்க்கையையும் கேட்டுப் பதிவு செய்ய

"உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் வருவது, "என்னத்தச் சொல்றதுங்க, கஷ்டப்பட்டோம், பிள்ளைகளைப் படிக்க வச்சோம்" என்ற பதில்தான். அதற்குமேல் பேச்சு நகராது. அதே அண்ணனிடம், "காலையில தறியில உட்கார்ந்ததும் முதல்ல எதைப் பார்ப்பீங்க?" என்று கேளுங்கள். அறுந்த இழையை எப்படிக் கண்டுபிடிப்பது, பாவு (தறியில் ஏற்றும் நீள இழை) யார் கொடுத்தது, ஒரு பாவில் எத்தனை சேலை இறங்கும், சேலைக்குக் கூலி எவ்வளவு என்று பேச்சு விரியும். தொழிலைக் கற்றுக்கொடுத்த மாமா, வாங்கிய முன்பணம், அதை அடைக்கமுடியாமல் தள்ளிப்போன கல்யாணம் எல்லாம் கேட்காமலே அந்தக் கணக்கோடு சேர்ந்து வரும். அதனால் முதல் அரைமணி நேரம் கை செய்யும் வேலையைத் தவிர வேறெதையும் கேட்கவேண்டாம்.

போகும் நேரம் முக்கியம். விசைத்தறிக் கூடத்தில் தறி ஓடும்போது பேட்டி எடுக்கவே முடியாது; பக்கத்தில் நின்று கத்தினாலும் பதிவில் சத்தம் மட்டும்தான் இருக்கும். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளைப் பத்திரிகையில் முன்கூட்டியே அறிவிப்பார்கள். அந்தப் பகல் முழுக்கத் தறி நிற்கும், ஆளும் ஓய்வாக இருப்பார். ஆனால் அன்று அவருக்குக் கூலியும் இல்லை என்பதை நினைவில் வைத்துப் பேசுங்கள். கைத்தறி வீடுகளில் அமாவாசையன்று தறி ஏறாத வழக்கம் சில இடங்களில் உண்டு, அதுவும் நல்ல நாள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் யாரையும் தொந்தரவு செய்யவேண்டாம். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா, குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை (அலங்கார வண்டி ஊர்வலம்) என்று ஊரே வெளியில் இருக்கும். அப்போது அறிமுகம் செய்துகொள்ளலாம், பேட்டிக்கு ஆகாது.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குள் முன்பின் தெரியாதவரை எளிதில் விடமாட்டார்கள். வியாபாரி எடைபோட்டுக் கொடுத்த வெள்ளிக்கு எடைபோட்டே திருப்பிக் கணக்குக் கொடுக்கவேண்டும். கீழே விழும் தூள்கூடக் கணக்கில் சேரும், கூட்டிய குப்பையைக்கூட எடுத்து வைப்பார்கள். ஒரு கிராம் குறைந்தாலும் பொறுப்பு அந்தத் தொழிலாளிக்குத்தான். ஆகவே தெரிந்தவர் ஒருவரோடு போங்கள், பையை வாசலிலேயே வையுங்கள், கேட்காமல் எதையும் தொடாதீர்கள். வெள்ளியின் டச் (சுத்தத்தின் அளவு), செய்கூலி பற்றிய கேள்விகளை இரண்டாம் சந்திப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே கேட்டால் வரி அலுவலகத்து ஆள் என்று நினைத்துவிடுவார்கள்.

பதிவுக்குச் சாதாரண செல்போன் போதும். கூடவே ஒரு காலர் மைக் வாங்கிக்கொள்ளுங்கள். அதை முகவாய்க்கு ஒரு சாண் கீழே, முந்தானையோ துண்டோ உரசாத இடத்தில் மாட்டவும். போனை ஏரோப்ளேன் மோடில் போடாவிட்டால் நடுவில் ஒரு அழைப்பு வந்து பதிவே நின்றுபோகும். வேவ் வடிவத்தில், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 320 எம்.பி. ஆகும், 2 ஜி.பி. காலியிடம் இருக்கிறதா என்று கிளம்பும்போதே பாருங்கள். மின்விசிறி ஓட்டம் பதிவைக் கெடுக்கும், ஆனால் சித்திரை வெயிலில் அதை நிறுத்தச் சொல்வது நியாயமில்லை. மைக்குக்குப் பஞ்சு உறை போட்டு, காற்று நேராகப் படாமல் உட்காருங்கள். தறிச் சத்தம், சுத்தியல் சத்தம் ஆகியவற்றைத் தனியாக 2 நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு சந்திப்பு 45 நிமிடத்தைத் தாண்டவேண்டாம்.

வருடம் கேட்டால் பலருக்குச் சொல்ல வராது. "எந்த வருஷம் வேலைக்கு வந்தீங்க?" என்பதை விட்டுவிட்டு, நடந்தவற்றோடு கட்டிக் கேளுங்கள். எம்.ஜி.ஆர். இறந்தப்போ தறியில் இருந்தீங்களா (1987 டிசம்பர்)? நாமக்கல் தனி மாவட்டம் ஆகும்போது (1997) இந்தப் பட்டறை இருந்ததா? ஐந்நூறு, ஆயிரம் செல்லாதுன்னு சொன்னப்போ (2016 நவம்பர்) கூலி எப்படிக் கொடுத்தாங்க? இப்படி இரண்டு பக்கமும் நெருக்கினால் ஓரிரு வருட வித்தியாசத்துக்குள் வந்துவிடும். அவர் சொன்ன வருடம் தப்பென்று தெரிந்தாலும் அங்கேயே திருத்தாதீர்கள், குறிப்பேட்டில் மட்டும் எழுதுங்கள். திருத்தினால் அடுத்த பதிலைத் தயங்கித்தான் சொல்வார்.

தொழிற்சொற்கள்தான் இந்த வேலையின் பெரிய சொத்து. ஊடை, நாடா, தார், அச்சு என்று தறியில் உள்ள ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி அவரையே பெயர் சொல்லச் சொல்லுங்கள், படத்துக்கு எண் போட்டு அந்த எண்ணையும் வாயால் சொல்லிப் பதிவு செய்யுங்கள். மரவள்ளிக்கு இங்கே குச்சிக்கிழங்கு என்றுதான் பெயர். கிழங்கில் மாவு எவ்வளவு என்பதைப் பொறுத்து 'பாயிண்ட்' கணக்கில் விலை போடும் முறையை விவசாயியிடமும் சேகோ (ஜவ்வரிசி) பேக்டரி ஆளிடமும் தனித்தனியாகக் கேட்டால், ஒரே மூட்டைக்கு இரண்டு கணக்கு கிடைக்கும். வீட்டில் சௌராஷ்டிரமோ கன்னடமோ தெலுங்கோ பேசும் நெசவுக் குடும்பங்களும் உண்டு. அந்த மொழியில் வரும் சொல்லைத் தமிழாக்காமல் அப்படியே வையுங்கள்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி பக்கத்தில் இருக்கும்போது கூலி பற்றிக் கேட்காதீர்கள். அப்போது நல்லதாக மட்டுமே சொல்வார்கள். பழம் பறிக்கும் மாதங்களில் பகலில் நிறுத்தி வைத்தால் அவர்களுக்குத்தான் நஷ்டம். சாயங்காலம் வீட்டுக்குப் போங்கள், மலைக் கிராமமென்றால் முதலில் ஊர்ப் பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பனியும் காற்றும் இருப்பதால் திண்ணையைவிட உள்ளறையே பதிவுக்கு நல்லது.

அன்றிரவே கோப்புக்குத் தேதி, ஊர், தொழில் என்று பெயர் வைத்து மூன்று இடத்தில் நகல் எடுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். "இருக்குதுங்க" என்றதை "இருக்கிறது" என்று மாற்றாதீர்கள், புரியாத இடத்தில் நேரத்தைக் குறித்து இடம் விடுங்கள்.

அனுமதியை இரண்டு முறை கேட்கவேண்டும். பேசத் தொடங்கும்போது ஒருமுறை, பதிவிலேயே. எழுதி முடித்தபின் ஒருமுறை. முதல் தடவை எல்லாரும் சரி என்பார்கள், எது வெளியில் வரப்போகிறது என்று அப்போது அவர்களுக்கும் தெரியாது. கூலி, கடன், முதலாளி பெயர் வரும் இடங்களை அடையாளமிட்டு, "இதை உங்க முதலாளி படிச்சா பரவாயில்லைங்களா?" என்று நேராகவே கேளுங்கள். எடுத்துவிடச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். அச்செடுத்துக் கொடுக்கும்போது பெரிய எழுத்தில் கொடுங்கள். படிக்கத் தெரியாதவரென்றால் உட்கார்ந்து முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள், அவர் கை காட்டி நிறுத்தும் இடத்தில் நிறுத்துங்கள்.