தோட்ட வேலைக்குப் புது வாடிக்கையாளர் பிடிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

தோட்டப் பராமரிப்புத் தொழில் செய்பவர்கள் விளம்பரம் என்று இறங்கியதும், ஊர் முழுக்க நம் பெயர் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். எனக்குத் தெரிந்து முதல் தவறே அதுதான். புல் வெட்டுவதும் களை எடுப்பதும் பார்சலில் அனுப்பும் சரக்கு இல்லை. ஆளையும் கருவியையும் ஏற்றிக்கொண்டு நீங்கள்தான் போயாக வேண்டும், அதனால் இந்த மூலையில் ஒரு வீடு, அந்த மூலையில் ஒரு வீடு என்று பிடித்தால் பாதி நாள் வண்டியிலேயே போய்விடும், அந்த நேரத்துக்கு யாரும் காசு தரப்போவதில்லை. ஒரே தெருவில் நாலு வீடு கிடைப்பதுதான் லாபம். அதற்கு வழியும் சுலபம்: ஒரு வீட்டில் வேலை முடிந்ததும், அந்த வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, இரண்டு பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட்டு வாருங்கள். சுவருக்கு அப்பால் தெரிகிற தோட்டத்தைவிட நல்ல விளம்பரம் வேறு எது?

கூகுள் மேப்பில் தொழிலைப் பதிவு செய்யும்போதும் இதே பேராசைதான். சேவை செய்யும் இடங்கள் என்று 20 வரை சேர்க்க விடுகிறார்கள், உடனே இருபதையும் நிரப்பிவிடுகிறோம். உண்மையில் போய்வர முடிகிற இடங்களை மட்டும் போடுங்கள். வாடிக்கையாளர் உங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை என்றால் முகவரியை மறைத்துவிட வேண்டும், அது கூகுளின் விதியும்கூட.

வாடிக்கையாளரிடம் கூகுளில் ரிவ்யூ கேட்கக் கூச்சப்படுவது இன்னொன்று. இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் எழுத மாட்டார்கள். வேலை முடிந்து, சுத்தமான தோட்டத்தை அவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே லிங்க்கை அனுப்பிவிடுங்கள். ஆனால் 'ரிவ்யூ போட்டால் தள்ளுபடி' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், கூகுள் அதை அனுமதிப்பதில்லை, கண்டுபிடித்தால் ரிவ்யூவைத் தூக்கிவிடும்.

அப்புறம் படங்கள். ரோஜாப் பூவை நெருக்கமாக எடுத்துப் போடுவதில் என்ன பயன், பூத்தது செடிதானே! புதர் மண்டிக் கிடந்த இடம் எப்படி மாறியது என்பதைத்தான் மக்கள் பார்க்க விரும்புகிறார்கள், ஆனால் வேலை முடிந்த பிறகுதான் 'முன்பு' படம் எடுக்கவில்லையே என்று நினைவு வரும். கருவிகளை இறக்குவதற்கு முன்பே ஒரு படம், முடிந்ததும் அதே இடத்தில் நின்று இன்னொரு படம். இணையத்தில் கிடைத்த படங்களை உங்கள் வேலை என்று போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில், அதாவது ஒரே செய்தியைப் பலருக்கு ஒரே நேரத்தில் தனித்தனியாக அனுப்பும் வசதியில், புது ஆள் பிடிக்கலாம் என்பதும் வீண். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். பழைய வாடிக்கையாளருக்குக் கவாத்து செய்யும் (கிளைகளை வெட்டிவிடும்) நேரம் வந்துவிட்டது என்று நினைவூட்ட நல்ல கருவி, அவ்வளவுதான். காசு கொடுத்து எண்கள் வாங்கி அனுப்பினால், நாலு பேர் ரிப்போர்ட் செய்ததும் உங்கள் எண்ணே முடங்கக்கூடும்.

'எங்களைவிடக் குறைந்த விலை யாரும் இல்லை' என்று போடுவது எனக்குப் பிடிக்காத விஷயம். விலைக்காக வருகிறவர் விலைக்காகவே போவார், இருக்கும்வரை பேரமும் பேசுவார். அதற்குப் பதில் என்னென்ன செய்வீர்கள், வெட்டிய குப்பையை யார் எடுத்துப் போவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவீர்கள் என்று தெளிவாக எழுதினாலே போதும்.

இவ்வளவும் செய்துவிட்டுப் போனை எடுக்காமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். கையில் மண், காதில் புல் வெட்டும் இயந்திரத்தின் சத்தம், சரி, எடுக்க முடியாதுதான். ஆனால் அழைத்தவர் காத்திருக்க மாட்டார், அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார். வாட்ஸ்அப் பிசினஸில் தானாகப் பதில் போகும் வசதி இருக்கிறது, 'மாலை அழைக்கிறேன், தோட்டத்தின் படம் அனுப்பி வையுங்கள்' என்று அதில் எழுதி வைத்துவிட்டு, உங்கள் எண்ணைத் தரும் இடங்களில் எல்லாம் 'வாட்ஸ்அப்பிலும் எழுதலாம்' என்று சேர்த்துவிடுங்கள். சொன்னபடி மாலையில் அழைக்கும்போது, எங்களைப் பற்றி எப்படித் தெரியும் என்று கேட்டு, ஒரு நோட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'பக்கத்து வீடு', 'கூகுள்', 'நோட்டீஸ்' என்று ஒரு சொல் குறித்து வையுங்கள். அடுத்த முறை எதற்குக் காசு செலவழிப்பது என்று அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யலாம்.