அதிவேகத் தோட்டாவைப் பக்கக்காற்று ஏன் அதிகம் தள்ளுகிறது? நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"தோட்டா வேகமாகப் போனால் பக்கக்காற்று அதை அவ்வளவாகத் தள்ளாது." துப்பாக்கி சுடுதல் பழக வரும் பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். .22 ரைஃபிளில் (குழலின் உள்விட்டம் சுமார் 0.22 அங்குலம்) நடப்பது நேர்மாறு. ஒரு கால்குலேட்டர் இருந்தால் போதும், நீங்களே சரிபார்க்கலாம்.

படி 1: எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

இலக்கு 100 மீட்டரில். சாதாரண .22 தோட்டா குழலை விட்டுக் கிளம்பும்போது வேகம் விநாடிக்குச் சுமார் 330 மீட்டர். வழிநெடுக சராசரி 306. அதிவேகத் தோட்டா 380-ல் கிளம்பும், சராசரி 338. கிளம்பும்போது இருந்த 50 மீட்டர் வித்தியாசம், சராசரியில் 32 ஆகச் சுருங்கிவிட்டது. மீதியைத் தின்றது காற்றின் எதிர்ப்பு.

படி 2: இறக்கம்

தூரத்தைச் சராசரி வேகத்தால் வகுத்தால் பறக்கும் நேரம்: 0.327 விநாடி, 0.296 விநாடி. அந்த நேரத்தில் புவியீர்ப்பு தோட்டாவை எவ்வளவு கீழே இழுக்கும்? நேரத்தை அதே நேரத்தால் பெருக்கி, மறுபடி 4.9-ஆல் (புவியீர்ப்பு முடுக்கம் 9.8-இல் பாதி) பெருக்குங்கள். சாதாரணத் தோட்டா 52 செ.மீ. இறங்கும், அதிவேகத் தோட்டா 43 செ.மீ.தான். இதுவரை வேகத்துக்கே வெற்றி.

படி 3: தாமதம்

இங்கேதான் கவனம் வேண்டும். பக்கக்காற்று எவ்வளவு தள்ளும் என்பதைத் தீர்மானிப்பது மொத்த நேரம் அல்ல. கிளம்பிய வேகம் குறையாமலே போயிருந்தால் ஆகும் நேரத்தைவிட (100-ஐக் கிளம்பும் வேகத்தால் வகுத்தால் கிடைப்பது) கூடுதலாக எவ்வளவு ஆனது என்பதுதான்.

சாதாரணம்: 0.327 − 0.303 = 0.024
அதிவேகம்: 0.296 − 0.263 = 0.033

பக்கக்காற்று விநாடிக்கு 4 மீட்டர் என்றால், 4-ஆல் பெருக்குங்கள். விலகல் முறையே 9.6 செ.மீ., 13.2 செ.மீ. சீக்கிரம் போய்ச் சேர்ந்த தோட்டாதான் அதிகம் விலகியிருக்கிறது!

காரணம் ஒலியின் வேகம். 15 டிகிரி செல்சியஸில் அது விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். அதைத் தாண்டிய தோட்டாவின் முனையில் அதிர்வலை உருவாகி, எதிர்ப்பு சட்டென்று எகிறுகிறது. சாதாரணத் தோட்டா அந்த எல்லைக்குக் கீழேயே பறந்துவிடுகிறது. விநாடிக்கு 800 மீட்டருக்கு மேல் கிளம்பும் பெரிய ரைஃபிள்களுக்கு இதைப் பொருத்தாதீர்கள். அவை அந்த எல்லையை விட்டு வெகுதூரம் மேலே இருப்பதால், அங்கே வேகம் கூடினால் விலகல் குறையும்.

படி 4: 50 மீட்டருக்குக் கொண்டுவாருங்கள்

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் இந்திய வீரர் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றாரே, அந்தப் போட்டியின் தூரம் இது. விலகல் ஏறக்குறைய கால் பங்காகிவிடும். இரு தோட்டாக்களுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். அந்த இலக்கு அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடைவெளி 8 மில்லிமீட்டர்தான்.