கலப்பு பின்னத்துக்குள் இருக்கும் கூட்டல்

கடையில் "இரண்டே முக்கால் கிலோ" என்று கேட்டால் இரண்டு கிலோவும் அதோடு முக்கால் கிலோவும் என்று எல்லோருக்கும் புரிகிறது. நடுவில் வரும் அந்த 'ஏ'தான் கூட்டல். ஆனால் அதையே நோட்டில் 2¾ என்று கலப்பு பின்னமாக, அதாவது முழு எண்ணும் பின்னமும் சேர்த்து எழுதினால் கூட்டல் குறி கண்ணில் படுவதில்லை, பிள்ளைகள் செய்கிற பல தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

3⅖-ஐத் தகா பின்னமாக (மேல் எண் கீழ் எண்ணைவிடச் சிறியதாக இல்லாத பின்னம்) மாற்றச் சொன்னால் சிலர் 3-ஐ மேலே இருக்கும் 2-ஆல் பெருக்கி, 5-ஐக் கூட்டி 11/5 என்று எழுதுவார்கள். "பெருக்கு, கூட்டு" என்று வழிமுறையை மட்டும் மனப்பாடம் செய்தால் எதைப் பெருக்குவது என்று பரீட்சையில் குழம்பத்தான் செய்யும். மூன்று முழு தோசையை ஐந்தைந்து துண்டாக வெட்டினால் 15 துண்டு, தனியாக இருக்கிற 2 துண்டையும் சேர்த்தால் 17, அவ்வளவுதான். துண்டின் அளவு மாறவில்லை, அதனால் பகுதி, அதாவது கீழே இருக்கும் 5, அப்படியே நிற்கும்: 17/5. பகுதியையும் பெருக்கி 17/15 என்று எழுதுகிறவர்கள் ஒரு நொடி நின்று பார்க்கலாம், அது ஒன்றைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது, நம்மிடம் இருந்ததோ மூன்றுக்கும் மேல்.

திருப்பி மாற்றும்போது 23/6 என்றால் ஈவு 3, மீதி 5, விடை 3⅚. ஈவையும் மீதியையும் இடம் மாற்றி எழுதாதீர்கள். 2 11/6 என்று பாதியில் நிறுத்தவும் கூடாது, 11-க்குள் இன்னும் ஒரு 6 இருக்கிறது. கால்குலேட்டரில் 17/5 போட்டு 3.4 வந்ததும் 3⅘ என்று எழுதுவதும் தவறு, அந்த .4 பத்தில் நான்கு, ஐந்தில் நான்கு இல்லை.

குறை எண் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். −2⅓ என்பது −2-உம் −⅓-உம் சேர்ந்தது. −6 + 1 = −5 என்று போட்டு −5/3 எழுதினால் தப்பு. குறியை ஓரமாக வைத்துவிட்டு 2⅓-ஐ 7/3 ஆக்குங்கள், அப்புறம் குறியைப் போடுங்கள்: −7/3.

கழித்தலில் கடன் வாங்கும்போதும் பழக்க தோஷம் வந்துவிடும். 5¼ − 2¾ கணக்கில் 5-இலிருந்து ஒன்றைக் கடன் வாங்கி, பத்து வந்ததாக நினைத்து 11/4 என்று எழுதுவார்கள். இங்கே ஒன்று என்பது நான்கு கால். ஆக 4 5/4 − 2¾, விடை இரண்டரை.

பெருக்கலில் 2½ × 2½-க்கு முழுவை முழுவோடும் பின்னத்தைப் பின்னத்தோடும் பெருக்கி நான்கே கால் என்பார்கள். ஒரு பக்கம் இரண்டரை அடி உள்ள சதுரத்தை வரைந்து பாருங்கள், 2-க்கு ½ என்ற பட்டை இரண்டு விட்டுப்போயிருக்கும், ஒவ்வொன்றும் ஒரு சதுர அடி. தகா பின்னமாக மாற்றிப் பெருக்கினால் அது விட்டுப்போகாது: 5/2 × 5/2 = 25/4, அதாவது ஆறே கால்.