அம்மோனியம் டெக்காவனடேட் படிகம் தயாரிக்கும் முறை

வனேடியம் என்னும் உலோகமும் ஆக்சிஜனும் கூட்டமாகப் பிணைந்த ஆக்சைடுக் கொத்துகளில், சாதாரண முதுகலை ஆய்வகத்தில் ஒரே பிற்பகலில் செய்து எடுக்கக்கூடியது அம்மோனியம் டெக்காவனடேட். பத்து வனேடியம் அணுக்களும் இருபத்தெட்டு ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்து, மொத்தம் ஆறு எதிர்மின்சுமை தாங்கும் இந்த அயனியில், ஒவ்வொரு வனேடியமும் ஆறு ஆக்சிஜன்களுக்கு நடுவே அமர்ந்து, எண்முகி என்னும் எட்டுமுக வடிவமாகி, அண்டை எண்முகிகளோடு விளிம்பைப் பகிர்ந்துகொள்கிறது. ராமநாதபுரம் கடற்கரையில் உள்ள ஒரு கல்லூரியில் இதை மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் கற்பித்து வந்ததில், செய்முறையைவிட அமிலத்தின் அளவே முடிவைத் தீர்மானிக்கிறது என்று கண்டிருக்கிறேன்.

தொடக்கப் பொருளான மெட்டாவனடேட்டின் (ஒரு வனேடியத்துக்கு மூன்று ஆக்சிஜன் கொண்ட அயனி) பத்து அலகுகள் நான்கு ஹைட்ரஜன் அயனிகளை ஏற்கும்போது ஒரு டெக்காவனடேட்டும் இரண்டு நீர் மூலக்கூறுகளும் உருவாகின்றன. கரைசலின் பி.எச் (அமிலத்தன்மையின் அளவு, குறையக் குறைய அமிலம் கூடும்) ஏறத்தாழ 2 முதல் 6 வரை இருக்கும் இடமே இந்தக் கொத்துக்கு உகந்தது. அதற்கும் கீழே இறங்கினால் கொத்து சிதைந்து வெளிர்மஞ்சள் அயனியாகிவிடும். இடையில் நீரேறிய வனேடியம் பென்டாக்சைடு செம்பழுப்புச் சேறாகப் படிவதும் உண்டு. ஒருமுறை அவசரத்தில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மொத்தமாகக் கொட்ட விட்டுவிட்டேன். பீக்கர் முழுவதும் சேறானது, அன்றைய வகுப்பே வீணாயிற்று. அசிட்டிக் அமிலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. வினைக்குத் தேவையானதைவிட மூன்று மடங்குக்கு மேல் சேர்த்தாலும், உருவாகும் அசிட்டேட்டோடு சேர்ந்து அது தாங்கல் கரைசலாகி (பி.எச் எளிதில் மாறாத கலவை), பி.எச்சை 4.5க்கு அருகில் நிறுத்திவிடுகிறது.

3 கிராம் அம்மோனியம் மெட்டாவனடேட்டை 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் இட்டுக் கலக்கிக்கொண்டே சூடாக்க வேண்டும். குளிர்ந்த நீரில் இது மிகக் குறைவாகவே கரையும் என்பதால் பொறுமை தேவை. ஆனால் நெடுநேரம் கொதிக்கவிட்டால் அம்மோனியா ஆவியாகிவிடும் என்பதால், கொதிநிலைக்குச் சற்றுக் கீழேயே நிறுத்துவது நல்லது. கரையாத துகள் இருந்தால் சூட்டோடு வடிகட்டி, வடிநீரின் சூடு சற்றே தணிந்ததும், மெட்டாவனடேட் மீண்டும் படியத் தொடங்குமுன், பாதிக்குப் பாதி நீர் கலந்த அசிட்டிக் அமிலம் 4 மி.லி.யைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். முதல் துளி விழுந்த இடத்தில் செம்மஞ்சள் இழை ஒன்று சுழன்று கீழிறங்குவதும், நாலைந்து துளிகளுக்குள் வெளிறிய கரைசல் முழுவதும் ஆரஞ்சாக மாறுவதும் தெளிவாகத் தெரியும். அறை வெப்பநிலைக்கு வந்ததும் 95 சதவீத எத்தனால் 150 மி.லி. சேர்த்து, பனிக்கட்டித் தொட்டியில் கால் மணி நேரம் வைத்தால் ஆரஞ்சுப் படிகம் இறங்கும். அதைப் புக்னர் புனலில் (உறிஞ்சலோடு வடிகட்டும் புனல்) வடிகட்டி, எத்தனாலால் இருமுறையும் அசிட்டோனால் ஒருமுறையும் கழுவ வேண்டும்.

எங்கள் ஊர் ஆழ்குழாய் நீர் உவர்நீர் என்பதால் அதை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அதிலுள்ள சோடியமும் கால்சியமும் அம்மோனியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு கலப்பு உப்பைத் தந்துவிடும். உலர்த்துவதற்கு அடுப்பும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். சூட்டில் படிக நீரும் அம்மோனியாவும் வெளியேறும். கடற்காற்றின் ஈரத்தில் தாமதமானாலும், வடிதாள்களுக்கு இடையே நிழலில் வைத்து உலரவிடுவதே சரி.

ஆறு நீர் மூலக்கூறுகள் கொண்ட இந்த உப்பு, கணக்குப்படி 3.01 கிராம் கிடைக்க வேண்டும். எடுத்த எடையும் கிடைக்க வேண்டிய எடையும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது மாணவர்களை வியக்க வைக்கும். இதிலே ஒரு பொறியும் இருக்கிறது. வனேடியத்தின் பங்கு மெட்டாவனடேட்டில் 43.5 சதவீதம், டெக்காவனடேட்டில் 43.4 சதவீதம், ஆகவே பர்மாங்கனேட் தரம்பார்த்தலில் (செறிவு தெரிந்த கரைசலைச் சேர்த்து அளவு காணும் முறை) வனேடியத்தை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், வினை நடந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. அளக்க வேண்டியது அம்மோனியத்தை. மெட்டாவனடேட்டில் அது 15.4 சதவீதம், டெக்காவனடேட்டில் 9.2 சதவீதம். சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக் காய்ச்சி, வெளிவரும் அம்மோனியாவைப் போரிக் அமிலத்தில் பிடித்துத் தரம் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) வசதி உள்ளவர்களுக்கு வனேடியம்-51 நிறமாலையே போதும். கொத்துக்குள் வனேடியம் மூன்று வகையான இடங்களில் இருப்பதால் −420, −500, −515 பி.பி.எம். அருகே 1:2:2 விகிதத்தில் மூன்று கோடுகள் தோன்றும். வெளிப்புற வனேடியம்-ஆக்சிஜன் பிணைப்பு சுமார் 1.6 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) நீளமே இருக்க, நடுவிலுள்ள இரண்டு ஆக்சிஜன்கள் ஒவ்வொன்றும் ஆறு வனேடியங்களைத் தொட்டு நிற்பதால் அங்கே பிணைப்புகள் 2 ஆங்ஸ்ட்ராமையும் தாண்டுகின்றன. +5 நிலையில் வனேடியத்துக்கு, பல உலோக உப்புகளுக்கு நிறம் தரும் டி எலக்ட்ரான் இல்லை. ஆகவே இங்கே ஆரஞ்சு நிறம் ஆக்சிஜனிலிருந்து வனேடியத்துக்கு மின்சுமை தாவுவதால் வருவது.

வனேடியம் உப்புத் தூசி மூச்சுக்குழாயை எரிக்கும். எடைபோடும்போது முகக்கவசமும் கையுறையும் அவசியம். வடிநீரை ஆய்வகக் கழுவுதொட்டியில் ஊற்றவே கூடாது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 2 மைக்ரோகிராம் வனேடியம்தான் உள்ளது. பாம்பன், மண்டபம் பக்கம் பாறைகளிலும் படகடிகளிலும் ஒட்டிவாழும் அசிடியன் என்னும் கடலுயிரிகளின் சில இனங்கள், அந்தச் சொற்பத்தையும் பல லட்சம் மடங்கு தம் இரத்த அணுக்களில் திரட்டிக்கொள்பவை. 1911இல் நேப்பிள்ஸில் மார்ட்டின் ஹென்சே இப்பண்பை முதலில் கண்டறிந்தார். நமது பீக்கரில் மீந்த ஆரஞ்சு நீர் மன்னார் வளைகுடாவுக்குப் போய்ச் சேரக் கூடாது. மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, பெயரும் தேதியும் ஒட்டி, அபாயகரக் கழிவு எடுக்க உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள்.