புதிய வாட்டர் பம்ப் மாட்டிய பிறகும் கூலன்ட் கசிந்தால் என்ன செய்வது?

காரின் வாட்டர் பம்பை நாமே கழற்றிப் புதியதை மாட்டிய பிறகும் வண்டிக்கு அடியில் கூலன்ட் சொட்டினால், ஸ்பேனரை எடுத்து எல்லா போல்ட்டுகளையும் இன்னொரு சுற்று இறுக்கத்தான் கை போகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அலுமினியத்தில் இறங்கும் சிறிய போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் மரை போய்விடும் அல்லது பம்பின் விளிம்பு வளைந்துவிடும். ஒரு கேஸ்கட் (இரண்டு உலோக முகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் தகடு) விலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை, என்ஜின் பிளாக்கில் புதிதாக மரை போடும் வேலையாக வளர்ந்துவிடும். கசிவு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

என்ஜின் முழுவதும் ஆறிய பிறகே எதையும் தொட வேண்டும். ரேடியேட்டர் மூடி ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைத் தாங்கி நிற்பதால், உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். சூட்டோடு மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் விட்டுப்போய், அது கொதித்துப் பீறிட்டு முகத்திலும் கையிலும் அடிக்கும். சில கார்களில் என்ஜினை நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்கும் என்பதால், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைப்பது நல்லது. வடித்தெடுக்கும் கூலன்டைத் தட்டில் பிடித்து, மூடியுள்ள கேனில் ஊற்றி வையுங்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை கொண்ட நஞ்சு. தரையில் தேங்கியதை நாயோ பூனையோ நக்கினால் உயிருக்கே ஆபத்து.

இனி கசிவைத் தேடலாம். பம்பைச் சுற்றியுள்ள பகுதி முழுவதையும் துணியால் துடைத்து, இடுக்குகளில் காற்றடித்து நன்றாகக் காய வையுங்கள். பிரஷர் டெஸ்டர் என்னும் கைப்பம்பை மெக்கானிக்கிடம் இரவல் வாங்க முடிந்தால் வேலை பாதியாகக் குறையும். அதை ரேடியேட்டர் வாயிலோ கூலன்ட் தொட்டியிலோ பொருத்தி, பழைய மூடியின் மீது அச்சிட்டிருக்கும் அழுத்த அளவு வரை மட்டும் ஏற்றி, கால் மணி நேரம் விட்டு, முள் இறங்குகிறதா என்று பாருங்கள். என்ஜின் ஓடாமலும் சூடாகாமலும் இருக்கும்போதே கசிவு வெளிப்பட்டுவிடும் என்பது இந்த முறையின் பெரிய வசதி. டெஸ்டர் கிடைக்காவிட்டால், என்ஜினைச் சூடேறும் வரை ஓடவிட்டு நிறுத்திய பின், டார்ச் வெளிச்சத்தில் தேட வேண்டும். ஓடும் பெல்ட்டுக்கு அருகே துணியையோ கையையோ கொண்டுபோகவே கூடாது.

நீர் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. கூலன்ட் கீழ்நோக்கி வழியும்; சுழலும் புல்லி அதைச் சுற்றிலும் தெறிக்க வைக்கும்; மின்விசிறிக் காற்று பின்னுக்குத் தள்ளும். ஆகவே ஈரம் தென்படும் இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ, அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பம்பை மாற்றும்போது கழற்றிய ஹோஸ்களும், தெர்மோஸ்டாட் உறையும், ஹீட்டர் குழாயின் ஓ-ரிங்கும் பம்புக்கு மேலேயே இருப்பது வழக்கம். அங்கே கசிந்து பம்பின் மீது வழிந்த நீரைப் பார்த்துவிட்டு, நல்ல பம்பைக் குறைசொல்லிக் கழற்றியவர்கள் ஏராளம். கிளிப் பழைய தடத்தில் உட்கார்ந்திருக்கிறதா, ஹோஸின் முனை வெடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.

கசிவு பம்பிலிருந்துதான் வருகிறது என்று உறுதியானால், அது இரண்டில் ஒன்றாக இருக்கும். பம்பின் உடலில், சுழலும் தண்டைச் சுற்றி நீரைத் தடுக்கும் சீலுக்கும், அந்தத் தண்டைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே, கீழ்நோக்கிய சிறு துளை ஒன்று உண்டு. சீலைத் தாண்டி வரும் நீர் பேரிங்கை அடையாமல் வெளியேறுவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். புதிய சீலின் முகங்கள் ஒன்றோடொன்று படியும் வரை, முதல் சில நிமிட ஓட்டத்தில் அந்தத் துளையில் இலேசான ஈரம் தெரிவது இயல்பு. ஈரம் நிற்காமல் சொட்டாக மாறினால் சீல் கெட்டுவிட்டது என்று பொருள். அந்த பம்பை மாற்றத்தான் வேண்டும். துளையைப் பேஸ்ட் வைத்து அடைப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் நீர் பேரிங்குக்குள் புகுந்து, சில நாட்களிலேயே பம்ப் இறுகி, பெல்ட்டையும் அறுத்துவிடும். புதிய பம்பின் சீல் இவ்வளவு சீக்கிரம் கெடுவதற்குக் காரணங்கள் உண்டு: கூலன்ட் ஊற்றுவதற்கு முன்பே என்ஜினை ஓடவிட்டு உலர்ந்த சீலைச் சுழற்றியது, புல்லியைச் சுத்தியலால் தட்டி ஏற்றியது, பழைய துருவும் சேறும் கலந்த நீரையே மீண்டும் ஊற்றியது. இவற்றைச் சரிசெய்யாமல் இன்னொரு பம்பை மாட்டினால் அதற்கும் அதே கதிதான்.

துளை உலர்ந்திருந்து, பம்பும் பிளாக்கும் சேரும் விளிம்பில் ஈரம் தெரிந்தால், பம்பைக் கழற்றி அந்த கேஸ்கட்டைத் தூக்கி எறிவதற்கு முன் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். சரியாக அழுந்திய இடம் தட்டையாகவும் பளபளப்பாகவும் இருக்கும். அழுந்தாத இடம் புதிதில் இருந்த தடிமனோடும் நிறத்தோடும் அப்படியே நிற்கும். அதன் குறுக்கே உள்ளிருந்து வெளியே ஓடும் ஈரக்கோடு ஒன்று தெரியும். அந்தக் கோட்டுக்கு நேரே பிளாக்கின் முகத்தை நகத்தால் தடவினால், பழைய கேஸ்கட்டின் துணுக்கோ, காய்ந்த பேஸ்ட்டோ, துருக்குழியோ தட்டுப்படும். வீட்டில் பம்ப் மாற்றியவர்களுக்கு வரும் கசிவுகளில் பெரும்பாலானவை இங்கே பிறப்பவைதான் என்பது என் கருத்து.

அந்த முகத்தைச் சுத்தம் செய்வதில் அவசரம் கூடாது. ஹாக்சா பிளேடால் அலுமினியத்தைச் சுரண்டினால் கீறல் விழும். ஒவ்வொரு கீறலும் நீருக்கு ஒரு வாய்க்கால். பிளாஸ்டிக் சுரண்டியும், கேஸ்கட்டைக் கரைக்கும் ஸ்பிரேயும், பொறுமையும் போதும். கிரைண்டரில் உப்புத்தாள் வட்டு மாட்டித் தேய்த்தால் முகம் குழியாவதோடு, அதன் துகள்கள் உள்ளே போய் புதிய சீலையே அரிக்கும். பின்னர் பம்பின் முகத்தில் ஸ்டீல் ரூலரைக் குறுக்காக வைத்துப் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால், அந்த பம்பைப் பொருத்தாமல் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

பேஸ்ட் எங்கே தேவை, எங்கே கூடாது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஓ-ரிங் அல்லது ரப்பர் பூசிய உலோக கேஸ்கட் உள்ள பம்புக்கு, தயாரிப்பாளர் சொல்லாதவரை சிலிக்கான் பேஸ்ட் வேண்டாம். அது ஓ-ரிங்கைப் பள்ளத்திலிருந்து வழுக்கி வெளியே தள்ளிவிடும். ஓ-ரிங்கில் கொஞ்சம் கூலன்டைத் தடவினாலே போதும். பேஸ்ட் மட்டுமே கொண்டு அடைக்கும் பம்ப் என்றால், எண்ணெய்ப் பசையில்லாத உலர்ந்த முகத்தில், போல்ட் துளைகளுக்கும் நீர்ப்பாதைக்கும் நடுவே, இடைவெளி விடாமல் 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனில் ஒரே கோடாக இட வேண்டும். அதிகமாக வைத்தால் உள்ளே பிதுங்கிய பகுதி பிய்ந்துபோய் ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைக்கும். ட்யூபில் குறிப்பிட்ட நேரத்துக்கு, பொதுவாக 24 மணி நேரத்துக்கு, கூலன்ட் ஊற்றாமல் காத்திருங்கள்.

போல்ட்டுகளின் நீளம் ஒன்றுபோல் இருக்காது. குட்டைத் துளையில் நீள போல்ட் போனால் அது அடியில் முட்டி இறுகியதுபோல் காட்டும். பம்போ அழுந்தாமலே இருக்கும். துளைக்குள் தேங்கிய கூலன்டும் இதே ஏமாற்றத்தைத் தரும் என்பதால், காற்றடித்து வெளியேற்றுங்கள். நீர்ப்பாதைக்குள் முனை நீட்டும் போல்ட்டின் மரையில் சீலன்ட் தடவாவிட்டால், நீர் மரை வழியே ஏறி போல்ட்டின் தலையடியில் கசியும். எல்லா போல்ட்டுகளையும் கையால் ஏற்றிய பின், எதிரெதிராக மாற்றி மாற்றி, இரண்டு மூன்று சுற்றுகளில் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய அளவே தேவைப்படும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் எண்ணே இறுதியானது.

பம்ப் டைமிங் பெல்ட்டால் சுழலும் வகையாக இருந்து, அந்தப் பெல்ட் கூலன்டில் நனைந்திருந்தால், அதையும் மாற்றிவிடுங்கள். டைமிங் ஒரு பல் தவறினாலும் சில என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் என்பதால், குறிகளைப் பொருத்துவதில் ஐயமிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

கூலன்டை வண்டிக்குச் சொல்லப்பட்ட வகையிலேயே, போர்வெல் தண்ணீர் கலக்காமல், டிஸ்டில்டு வாட்டரில் கலந்து, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற இடம்கொடுத்து மெதுவாக ஊற்றுங்கள். டெஸ்டரால் மீண்டும் ஒருமுறை அழுத்தம் ஏற்றிப் பார்த்துவிட்டு, என்ஜினை மின்விசிறி சுழலும் வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். மறுநாள் காலை, என்ஜின் ஆறியிருக்கும்போது தொட்டியில் அளவு சற்று இறங்கியிருந்தால் உள்ளிருந்த காற்று வெளியேறியதன் விளைவு. குறி வரை நிரப்புங்கள். அதன் பிறகும் வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் அளவு மட்டும் குறைந்துகொண்டே போனால், ஆயில் குச்சியில் பால் நிறம் தெரிகிறதா, காரின் உள்ளே கால் வைக்கும் இடத்தில் விரிப்பு நனைந்திருக்கிறதா என்று பார்த்து, முன்னதற்கு ஹெட் கேஸ்கட்டையும் (என்ஜின் பிளாக்குக்கும் அதன் தலைப்பகுதிக்கும் நடுவே உள்ளது), பின்னதற்கு ஹீட்டர் கோரையும் (காருக்குள் சூடு தரும் சிறு ரேடியேட்டர்) மெக்கானிக்கிடம் சோதிக்கச் சொல்லுங்கள்.